வேகமாக முடித்துவிட்ட பிள்ளைக்கு என்ன வேலை கொடுப்பது?

(ரவாங்கில் ஒளிப்பதிவு செய்யப்பட்ட தொலைக்காட்சிக் கருத்தரங்கில், பணி ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். ‘பள்ளிகளில் மீத்திறன் மாணவர்கள்’ என்பது கருத்தரங்கின் தலைப்பு.)



எனக்கு முன் பேசிய அம்மையார், படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளைப் பற்றி உருக்கமாகப் பேசினார். அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கவில்லை. நான் பேச வந்தது அதே வகுப்பறையின் இன்னொரு மூலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பற்றி. ஆசிரியர் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுகிற பிள்ளை. பாடநூலை ஜனவரி மாதமே வாசித்து முடித்துவிட்டு, மீதி மாதங்களில் மேசையின் மரத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கிற பிள்ளை. இந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். “அவன் கெட்டிக்காரன், எப்படியும் பிழைத்துக்கொள்வான்” என்று ஆசிரியர் அறையில் சொல்லுவார்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் சொல்லுவார்கள், கோயில் வாசலிலும் சொல்லுவார்கள். அந்த வாக்கியம் உண்மையா என்று பார்ப்பதற்குத்தான் எனக்குக் கொடுத்த இந்த நேரத்தைப் பயன்படுத்தப் போகிறேன்.

அரங்கில் ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். 1983-ஆம் ஆண்டு கே.பி.எஸ்.ஆர். பாடத்திட்டம் வந்தபோது குறைநீக்கல், வளப்படுத்துதல் என்ற இரண்டு சொற்களும் நம் பாடக்குறிப்பேட்டுக்குள் வந்து உட்கார்ந்தன. அந்த இரண்டில் குறைநீக்கலுக்குப் பல பள்ளிகளில் ஓர் அறை உண்டு. அதற்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியர் உண்டு. தனி அட்டவணை உண்டு. வளப்படுத்துதலுக்கு என்ன உண்டு? ஒரு பயிற்சித்தாள் உண்டு. 20 கணக்கைப் பத்து நிமிடத்தில் முடித்த பிள்ளைக்கு இன்னொரு 20 கணக்கு! வேகமாக ஓடியதற்குத் தண்டனையாக இன்னும் இரண்டு சுற்று ஓடச் சொல்வது போன்றது இது. பிள்ளை முட்டாள் இல்லையே. மறுவாரம் அவன் அந்த 20 கணக்கை அரை மணி நேரம் செய்வான். மெதுவாகச் செய்வதுதான் லாபம் என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தது நாம்தான்.

யார் மீத்திறன் மாணவர்?

பெற்றோர்கள் பலர் வகுப்பில் முதல் நிலையில் வரும் பிள்ளையையும் மீத்திறன் பிள்ளையையும் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள். சில நேரம் இருவரும் ஒருவராக இருக்கலாம். பல நேரம் இருப்பதில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்து, அழகாக எழுதி, எல்லாப் பாடத்திலும் ‘ஏ’ வாங்கும் பிள்ளை நல்ல மாணவர், அவரைப் பாராட்டுவோம். மீத்திறன் என்பது வேறு இடத்தில் தலைகாட்டும்.

இரண்டாம் ஆண்டு வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். கழித்தல் பாடம். “மூன்றிலிருந்து ஐந்து போகாது, பக்கத்திலிருந்து கடன் வாங்கு” என்று நாம் வழக்கமாகச் சொல்லிக்கொடுப்போம் அல்லவா? ஒரு பையன் எழுந்து, “போகும் ஐயா, போனால் இரண்டு வெள்ளி கடன்” என்றான். வகுப்பே சிரித்தது. அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவனுடைய அம்மா மளிகைக் கடையில் 555 புத்தகத்தில் கணக்கு வைத்து அரிசி, சீனி வாங்குபவர். கையில் 3 வெள்ளி இருக்கும்போது 5 வெள்ளிச் சாமான் வாங்கினால் என்ன ஆகும் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். பூஜ்யத்துக்குக் கீழேயும் எண்கள் இருக்கின்றன என்பதை, இடைநிலைப்பள்ளியில் சொல்லித்தர வேண்டியதை, மளிகைக் கடைப் புத்தகத்திலிருந்து அவனே கண்டுபிடித்திருந்தான். அந்த ஆண்டு அவனுடைய தேர்ச்சி அறிக்கையில் கணிதத்துக்கு 70 சொச்சம் புள்ளிகள்தாம். கையெழுத்து கோணல். பாதிக் கேள்விகளுக்கு வழிமுறையை எழுதாமல் விடையை மட்டும் எழுதி வைத்திருப்பான்.

இப்படிப்பட்ட பிள்ளை பெரும்பாலும் குறும்புக்காரன் என்று பெயர் எடுப்பான். பெண் பிள்ளையாக இருந்தால் வேறு மாதிரி: அவள் அடங்கிவிடுவாள். கேள்வி கேட்டால் தோழிகள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள் என்று எட்டு வயதிலேயே புரிந்துகொண்டு, வாயை மூடிக்கொண்டு, பின்வரிசையில் சிரித்த முகமாக இருந்துவிடுவாள். என்னைக் கேட்டால் நாம் அதிகம் இழந்திருப்பது இந்தப் பெண் பிள்ளைகளைத்தான். குறும்பு செய்கிறவனையாவது தலைமையாசிரியர் அறைக்கு அழைக்கிறார்கள். அங்கே யாராவது ஒருவர் கண்ணில் அவன் பட வாய்ப்பு உண்டு.

இன்னொரு வகை உண்டு. எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும். வாயால் பேசினால் வளர்ந்தவர்கள் வாயடைத்துப் போகும் அளவுக்கு யோசனை இருக்கும். வாசிப்புக் குறைபாடும் மீத்திறனும் ஒரே பிள்ளையிடம் இருக்கலாம். அவனைக் குறைநீக்கல் வகுப்புக்கு அனுப்புவது சரியே. அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் சரியல்ல.

‘ஐ.கியூ. பரீட்சை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே’ என்பீர்கள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் டெர்மன் 1921-இல் அதைத்தான் செய்தார். கலிபோர்னியாவில் பிள்ளைகளைச் சோதித்து, ஏறக்குறைய 1,500 பேரைப் பொறுக்கி எடுத்து, அவர்கள் வளர்ந்து பெரியவர்களாகும் வரை தொடர்ந்து கவனித்தார். பலர் நல்ல நிலைக்கு வந்தார்கள். அவர்களில் நோபல் பரிசு வாங்கியவர் ஒருவரும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சோதனையில் போதிய புள்ளி இல்லை என்று ஒதுக்கப்பட்ட இரண்டு சிறுவர்கள் பின்னாளில் இயற்பியலில் நோபல் பரிசு பெற்றார்கள். 1956-இல் வில்லியம் ஷாக்லி, 1968-இல் லூயிஸ் ஆல்வரெஸ். சல்லடை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதன் கண் வழியாக விழுந்துவிடும் மணிகள் உண்டு. அதனால்தான் ஜோசப் ரென்சுல்லி என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1978-இல் மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்: சராசரிக்கு மேற்பட்ட திறன், படைப்பாற்றல், எடுத்த வேலையை விடாமல் செய்யும் பிடிவாதம். இந்த மூன்றாவதை ஒரு மணி நேரப் பரீட்சையில் அளக்க முடியாது. தினமும் பார்க்கிற ஆசிரியரும் பெற்றோரும்தான் அளக்க முடியும்.

ஒரு பாடத்தில் தோற்ற மேதை

சீனிவாச ராமானுஜன் பெயரை நம் மேடைகளில் அடிக்கடி சொல்கிறோம். பெருமைக்காகச் சொல்கிறோம். அவருடைய பள்ளிக் கதையை உற்றுப் பார்த்தால் பெருமையை விடப் பயம்தான் வருகிறது.

1887-இல் ஈரோட்டில் பிறந்தவர், கும்பகோணத்தில் வளர்ந்தார். 1897-இல் தொடக்கநிலைத் தேர்வில் மாவட்டத்திலேயே முதல் மாணவர். 1904-இல் பள்ளியை முடித்தபோது கணிதத்துக்குப் பரிசு. கும்பகோணம் அரசு கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு இடமும் கிடைத்தது. இது வரைக்கும் நாம் ஆசைப்படுகிற பிள்ளையின் கதை. அதற்குப் பிறகு? கணிதத்தைத் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை. ஆங்கிலக் கட்டுரையில் தோல்வி. உபகாரச் சம்பளம் பறிபோனது. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து மறுபடியும் முயன்றார். எஃப்.ஏ. தேர்வில் அங்கேயும் தோல்வி. கணிதத்தில் உலகமே திரும்பிப் பார்க்கப் போகிற ஒருவரை, கணிதம் அல்லாத பாடங்களுக்காகக் கல்விமுறை வெளியே அனுப்பிவிட்டது. 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தா ஆனார்.

‘எப்படியும் பிழைத்துக்கொண்டாரே’ என்று நீங்கள் சொல்லலாம். தானாகவா பிழைத்தார்? அதற்கு முன்பே நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் தம் கைப்பணத்திலிருந்து மாதாமாதம் கொடுத்து உதவினார். துறைமுக அலுவலகத்தில் மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் கணிதம் தெரிந்தவர். ராமானுஜன் என்ன செய்கிறார் என்று அவருக்குப் புரிந்தது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜுக்கு எழுதிய கடிதத்தை ஹார்டி குப்பையில் போடவில்லை. அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம் இல்லாத ஒருவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுக்க முன்வந்தது. இத்தனை கைகள் தாங்கிப் பிடித்த பிறகுதான் 1914-இல் அவர் கப்பல் ஏறினார். 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1920-இல் 32 வயதில் மறைந்தார். அந்தக் கைகளில் ஒன்று குறைந்திருந்தால் நமக்கு அந்தப் பெயரே தெரிந்திருக்காது.

இப்போது அந்தப் பிள்ளையை ரவாங்குக்குக் கொண்டுவாருங்கள். நம் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆறாம் ஆண்டு முடிக்கிறான். கணிதத்தில் புலி. மலாய்மொழியில் போதிய அடைவு இல்லை. என்ன ஆகும்? புகுமுக வகுப்பு. அவனுடைய தமிழ்ப்பள்ளி நண்பர்கள் நேரே முதலாம் படிவத்துக்குப் போக, அவன் ஓராண்டு அங்கே உட்கார்ந்திருப்பான். மொழியைப் பலப்படுத்த அந்த வகுப்பு இருக்கிறது. அதன் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எட்டாம் வகுப்புக் கணக்கைப் போடக்கூடிய பிள்ளையின் பதின்மூன்றாம் வயதில் கணிதமும் சேர்ந்து ஓராண்டு நின்றுபோகிறதே, அதைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள்? ஆகவே கணிதத்தில் சிறந்த பிள்ளைக்கு மேலும் கணித டியூஷன் வைக்கும் பெற்றோர்களுக்கு நான் சொல்வது: அந்தப் பணத்தை மூன்றாம் ஆண்டிலேயே மலாய்மொழிக்குச் செலவிடுங்கள். கணிதத்தை அவன் பார்த்துக்கொள்வான்.

நம் நாட்டில் செய்து பார்த்தவை

மீத்திறன் பிள்ளைகளுக்கு நம் நாடு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 1996-இல் பி.டி.எஸ். என்ற முதற்கட்ட மதிப்பீட்டுத் தேர்வு தொடங்கியது பலருக்கு நினைவிருக்கும். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதுவார்கள். சிறப்பாகச் செய்தவர்கள், பெற்றோர் சம்மதித்தால், நான்காம் ஆண்டைத் தாண்டி நேரே ஐந்தாம் ஆண்டுக்குப் போகலாம்.

நல்ல யோசனைதான். நாம் அதை என்ன செய்தோம்? ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு டியூஷன். கடைகளில் மாதிரித் தேர்வுப் புத்தகங்கள் அடுக்கடுக்காக. “அவர்கள் வீட்டுப் பிள்ளை தாண்டிவிட்டது, நம் பிள்ளை தாண்டவில்லையே” என்று வீட்டில் ஒப்பாரி. இயல்பாக இருக்கும் திறனைக் கண்டுபிடிக்க வந்த தேர்வு, பயிற்சி கொடுத்துத் தயாரிக்கும் தேர்வாகிப் போனது. தாண்டிப் போன பிள்ளைகளில் சிலர் அருமையாகப் படித்தார்கள். வேறு சிலர் நான்காம் ஆண்டுப் பாடத்தைத் தவறவிட்டதால் ஐந்தாம் ஆண்டில் திணறினார்கள்; விளையாட்டுத் திடலில் அவர்களை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. 2001-இல் அந்தத் தேர்வு ரத்தானது. ரத்து செய்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் உடனே வேறொன்றை வைக்காமல் விட்டதுதான் குறை. ஆண்டுகள் ஓடின. அந்த இடைவெளியில் தொடக்கப்பள்ளியில் படித்து வெளியேறிய மீத்திறன் பிள்ளைகளுக்கு எந்த வழியும் இல்லை.

2009-இல் பாங்கியில் உள்ள மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் வழியாக பெர்மாத்தா பிந்தார் திட்டம் வந்தது. இணையத்தில் முதற்கட்டச் சோதனை, அதில் தேறியவர்களுக்கு இரண்டாம் கட்டச் சோதனை, அதற்குப் பிறகு பள்ளி விடுமுறையில் வளாகத்திலேயே தங்கிப் படிக்கும் முகாம். இந்த முகாமை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் இளம் திறனாளர் மையத்தோடு கூட்டுச் சேர்ந்து நடத்தினார்கள். பின்னர் அங்கேயே தங்கிப் படிக்கும் கல்லூரியும் உருவானது. 2018 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு பெர்மாத்தா என்ற பெயர் போய், ஜீனியஸ் பிந்தார் தேசிய மையம் என்ற பெயர் வந்தது.

பி.டி.எஸ்ஸோடு ஒப்பிட்டால் இது நன்றாக யோசித்துச் செய்த திட்டம். ஆனால் நம் பிள்ளைகள் அந்த வாசல் வரை போகிறார்களா? முதற்கட்டச் சோதனையை வீட்டிலிருந்தே எழுதலாம் என்றால், வீட்டில் கணினியும் இணையமும் இருக்க வேண்டும். கேள்விகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் வரும். தமிழில் யோசிக்கும் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது கூடுதல் சுமை. எல்லாவற்றுக்கும் மேலாக, அப்படி ஒரு சோதனை இருப்பது தெரிந்திருக்க வேண்டும். காலை ஐந்தரைக்கு கொம்முட்டர் பிடித்துக் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகும் அப்பாவுக்கும், பெரோடுவா தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் அம்மாவுக்கும் யார் சொல்வது? பள்ளிதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியிலும் ஓர் ஆசிரியர் இந்த ஒரு பொறுப்பை ஏற்றுக்கொண்டு, பதிவு எப்போது திறக்கிறது என்று பார்த்து, பள்ளிக் கணினி அறையிலேயே பிள்ளைகளை உட்காரவைத்து எழுதச் செய்தால், இதற்கு அரசாங்கத்திடம் மகஜர் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு காசும் செலவில்லை.

மேல்படிப்பில் கதவுகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கின்றன. எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ மற்றும் அதற்கு மேல் பெற்றவர்களுக்கு, எந்த இனமானாலும், மெட்ரிகுலேஷனில் இடம் உண்டு என்று 2024-இல் பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். வரவேற்போம். ஆனால் அது 17 வயதில் திறக்கும் கதவு. நான் பேசிக்கொண்டிருப்பது எட்டு வயதுப் பிள்ளையைப் பற்றி. அந்த இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் ஆர்வம் அணைந்துவிட்டால், கதவு திறந்திருந்து என்ன பயன்?

சிங்கப்பூர் ஏன் மாற்றுகிறது?

பக்கத்து நாட்டையும் பார்ப்போம். சிங்கப்பூர் 1984-இலேயே மீத்திறன் கல்வித் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. மூன்றாம் வகுப்பில் தேர்வு வைத்து, ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, நான்காம் வகுப்பு முதல் குறிப்பிட்ட சில பள்ளிகளில் தனி வகுப்பு. கடைசியில் அப்படிப்பட்ட தொடக்கப்பள்ளிகள் ஒன்பது இருந்தன. 40 ஆண்டுகள் நடத்திவிட்டு, 2024 ஆகஸ்டில் பிரதமர் லாரன்ஸ் வோங் தேசிய தினப் பேரணி உரையில், அந்த வடிவத்தில் திட்டம் இனித் தொடராது என்று அறிவித்தார். ஒன்பது பள்ளிகளுக்குப் பிள்ளையை மாற்றி அனுப்புவதற்குப் பதில், ஒவ்வொரு தொடக்கப்பள்ளியும் தன் மீத்திறன் பிள்ளைகளுக்குத் தன் வளாகத்திலேயே வழி செய்ய வேண்டும். அதற்கும் மேலே தேவைப்படும் பிள்ளைகளுக்கு அருகிலுள்ள மையத்தில் பள்ளி நேரத்துக்குப் பிந்திய வகுப்பு.

இதைக் கேட்டதும் சிலர், “பார்த்தீர்களா, சிங்கப்பூரே விட்டுவிட்டது, நமக்கு எதற்கு?” என்றார்கள். செய்தியைப் பாதி படித்தவர்களின் பேச்சு அது. மீத்திறன் கல்வியை அவர்கள் விடவில்லை. ஒன்பது பள்ளிகளிலிருந்து எல்லாப் பள்ளிகளுக்கும் பரப்புகிறார்கள். நம்மைப் பொறுத்தவரை இது நல்ல செய்தி. ஏனென்றால் தனிப்பள்ளி கட்ட நமக்கு நிலமும் பணமும் இல்லை. இருக்கிற பள்ளியில், இருக்கிற ஆசிரியரை வைத்துச் செய்வதுதான் நம்மால் ஆகக்கூடியது.

பள்ளிக்கூடத்தில் என்ன செய்யலாம்?

பாடத்தைத் தொடங்குமுன் ஒரு சிறு சோதனை வையுங்கள். பின்னம் தொடங்கப் போகிறீர்கள்; இறுதிப் பயிற்சியில் உள்ள ஐந்து கேள்விகளை முதல் நாளே கொடுத்துப் பாருங்கள். ஒரு பிள்ளை ஐந்தையும் செய்துவிட்டால், அடுத்த இரண்டு வாரம் அதே பாடத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. அந்த நேரத்தை அவளுக்குத் திருப்பிக் கொடுங்கள். நூலகத்துக்கு அனுப்புங்கள், ஒரு கேள்வியைக் கொடுத்து அதற்கு விடை தேடச் சொல்லுங்கள். ‘மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் ஏன் முடிவதே இல்லை, இரண்டில் ஒரு பங்கு மட்டும் ஏன் முடிகிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வாரத்துக்கு அவளிடமிருந்து சத்தம் இருக்காது.

ஆண்டு முழுவதையும் தாண்டச் செய்யாமல், ஒரு பாடத்தில் மட்டும் மேல்வகுப்பில் உட்காரவைப்பது இன்னொரு வழி. மூன்றாம் ஆண்டுக்கும் ஐந்தாம் ஆண்டுக்கும் கணிதப் பாடவேளை ஒரே நேரத்தில் வருமாறு அட்டவணை போட்டால் போதும். பிள்ளை கணிதத்துக்கு மட்டும் மேலே போய் வருவான். மற்ற நேரத்தில் தன் வயதுப் பிள்ளைகளோடு ஓடியாடுவான். பி.டி.எஸ்ஸில் வந்த துன்பம் இதில் வராது.

இங்கே சின்னப் பள்ளிகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மாணவர் எண்ணிக்கை மிகக் குறைந்த தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் இரண்டு ஆண்டுகளைச் சேர்த்து ஒரே வகுப்பாக நடத்துவதைப் பெரிய குறையாகப் பேசுகிறோம். மீத்திறன் பிள்ளைக்கு அது ஒரு வரம். மூன்றாம் ஆண்டுப் பிள்ளை, பக்கத்து வரிசையில் நடக்கும் நான்காம் ஆண்டுப் பாடத்தைக் காதில் வாங்கிக்கொண்டே இருக்கிறது. யாரும் தாண்டச் சொல்லாமலே தாண்டிவிடுகிறது. பெரிய பள்ளிக்கு மாற்றினால்தான் பிள்ளை உருப்படும் என்று அவசரப்படும் பெற்றோர்கள் இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

முடித்துவிட்ட பிள்ளையைத் துணை ஆசிரியராக்கி, மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைப்பது நம் ஆசிரியர்களுக்குப் பிடித்த ஏற்பாடு. வாரத்தில் ஒரு முறை என்றால் நல்லது. பிள்ளைக்குப் பொறுமை வரும். தினமும் என்றால் அது ஆசிரியருக்கு உதவி, பிள்ளைக்கு உதவியல்ல.

பள்ளி கொஞ்சம் வளைந்து கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னையில் ஒரு சாட்சி இருக்கிறது. வேலம்மாள் பள்ளிக் குழுமம் சதுரங்கம் ஆடும் பிள்ளைகளுக்கு வருகை, தேர்வு விஷயங்களில் சலுகை கொடுத்து வளர்த்தது. பிரக்ஞானந்தா அங்கிருந்து வந்தவர். குகேஷும் அங்கிருந்து வந்தவர். 12 வயதில் கிராண்ட்மாஸ்டர், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயதில் உலக வெற்றியாளர். தினமும் ஏழரை மணிக்கு வரிசையில் நிற்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளை வற்புறுத்தியிருந்தால் நிலைமை என்ன? எல்லாப் பிள்ளைக்கும் அந்தச் சலுகை வேண்டும் என்று நான் சொல்லவில்லை. யாருக்கு வேண்டும் என்று கண்டுபிடிக்கிற கண் அந்தப் பள்ளிக்கு இருந்திருக்கிறது.

பள்ளிக்கு வெளியே நமக்கு அமைப்புகள் இல்லாமல் இல்லை. டாக்டர் தம்பிராஜா 1982-இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைத் தேர்வுக்குத் தயார் செய்து பல்கலைக்கழகம் வரை கொண்டுசேர்த்தது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்காக நடத்தப்படும் அறிவியல் விழாக்களில் பிள்ளைகள் தாங்களே ஆய்வு செய்து காட்டுவதைப் பார்த்தால் மனம் குளிர்கிறது. ஒரு சிறு விண்ணப்பம்: அந்த ஆய்வைப் பிள்ளை செய்யட்டும். அப்பா இரவெல்லாம் விழித்து ஒட்டிய அட்டையைப் பிள்ளை மேடையில் ஒப்பிக்கும்போது, நீதிபதிகளுக்குத் தெரியாமல் போவதில்லை.

வசதியில்லாத வீட்டில் பிறந்தால்?

‘மீத்திறன் எல்லாம் வசதியுள்ளவர் வீட்டுப் பிரச்சினை’ என்று ஒரு பேச்சு இருக்கிறது. நேர்மாறாகத்தான் நான் பார்த்திருக்கிறேன். வசதியுள்ள வீட்டில் பள்ளி கைவிட்டாலும் வீடு கைவிடாது. புத்தகம் வரும், கணினி வரும், தனியார் பள்ளி வரும். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளி ஒன்றுதான் வாசல்.

நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ரவாங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மலாயாவில் மின்சாரம் முதன்முதலில் பயன்பட்டது இங்கேதான். 1894-இல் லோக் இயூவும் நம் தம்புசாமிப் பிள்ளையும் சேர்ந்து தங்கள் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கியை நிறுவினார்கள். அதே தம்புசாமிப் பிள்ளை, அதற்கு முந்திய ஆண்டு தோன்றிய கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளியை உருவாக்கியவர்களிலும் ஒருவர். கோயில் கட்டினார் என்பதை நாம் மறக்காமல் சொல்கிறோம்; பள்ளி கட்டினார் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். அரை நூற்றாண்டு கழித்து, பிரிக்ஃபீல்ட்ஸ் விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் படித்த ஒரு பையன் அந்த விக்டோரியா பள்ளிக்குப் போனான். அங்கிருந்து கொழும்புத் திட்ட உபகாரச் சம்பளத்தில் மெல்பர்ன் பல்கலைக்கழகம், பிறகு ஹார்வர்ட். 2024 நவம்பரில் மறைந்த தொழிலதிபர் ஆனந்த கிருஷ்ணன்தான் அந்தப் பையன். தமிழ்ப்பள்ளி, நல்ல இடைநிலைப்பள்ளி, சரியான நேரத்தில் ஓர் உபகாரச் சம்பளம்: மூன்று படிகளும் அவர் காலத்தில் ஒன்றுக்கொன்று எட்டும் தூரத்தில் இருந்தன. நம் கோயில்களும் சங்கங்களும் ஆண்டுதோறும் கல்வி நிதி கொடுக்கின்றன. பெரும்பாலும் ‘ஏ’ எண்ணிக்கையைப் பார்த்து, தேர்வு முடிந்த பிறகு, மேடையில் மாலை போட்டுக் கொடுக்கிறோம். அதில் ஒரு சிறு பங்கை, யு.பி.எஸ்.ஆர். 2021-இல் போய்விட்ட இந்தக் காலத்திலாவது, ஒன்பது வயதுப் பிள்ளையின் மலாய் வகுப்புக்கும் கணினிக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும் ஒதுக்க முடியாதா? மாலை போட்டுப் படம் பிடிக்க முடியாது, உண்மைதான்.

நேரம் முடிகிறது என்று ஐயா சைகை காட்டுகிறார். இடைவேளையில் ஓர் அம்மா என்னிடம் வந்து கேட்டார்: “என் மகள் மூன்றாம் ஆண்டு. ஐந்தாம் ஆண்டுக் கணிதப் புத்தகத்தையும் முடித்துவிட்டாள். அடுத்து ஆறாம் ஆண்டுப் புத்தகம் வாங்கித் தரட்டுமா ஐயா?” எல்லாருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். வாங்கித் தாருங்கள், தடையில்லை. ஆனால் படியேறிக்கொண்டே போவது மட்டும் வேண்டாம், பக்கவாட்டிலும் நடக்கவிடுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை கையில் ஒரு கடிகாரமும் நோட்டுப் புத்தகமும் கொடுத்து, ரவாங்கிலிருந்து கே.எல். சென்ட்ரல் வரை கொம்முட்டரில் கூட்டிப் போங்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது, எந்த இரண்டு நிலையங்களுக்கு இடையே ரயில் வேகமாகப் போகிறது, எங்கே மெதுவாகப் போகிறது, ஏன் என்று அவளே எழுதட்டும். நீங்கள் ஒன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். திரும்பி வந்த பிறகு அந்த நோட்டுப் புத்தகத்தை அவளுடைய ஆசிரியரிடம் காட்டுங்கள். முடிந்தால் எனக்கும் ஒரு நகல் கொடுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.